பொம்மர் பதியும் சத்தம்

1990 ஜூன் மாதம் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பெட்ரோல், பற்றரி, சவர்க்காரம் என்று அன்றாடம் புழங்கிய பொருட்கள் பலவற்றுக்குத் தடையோ கட்டுப்பாடோ வந்தது. வானத்தில் குண்டு போடும் விமானங்கள் வந்தன. அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்கு, 1995 அக்டோபர் கடைசியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தபோது பதினைந்து வயது. அதாவது, அந்தப் பிள்ளையின் பால்யத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஐந்தாண்டுகளுக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். குண்டுவீச்சைப் பற்றி அவர்களிடம் கேட்டால், பேச்சு வெகுநேரம் விமானத்தில் நிற்காது. பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் அம்மம்மா சொன்ன கதை, ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுழற்றிக் கேட்ட வானொலி, பனம்பழத்தால் துவைத்த பள்ளிச் சட்டை என்று வீட்டுக்குள் வந்துவிடும். நடுநடுவே அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் சில வாக்கியங்களை நிறுத்தி யோசித்தால் வியப்பாக இருக்கும். "சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளேன் எண்டு சொல்லிப்போடுவம்." "முதல்ல நிலம் அதிரும், பிறகுதான் சத்தம் வரும்." "பனங்குற்றி போட்டால்தான் பங்கர் தாங்கும்."

இவை ஒவ்வொன்றும் அறிவியல் கூற்று, ஒவ்வொன்றும் சரியானது. கருவிகளோ பாடநூலோ இல்லாமல், தவறினால் உயிர் போகும் என்ற நிலையில், ஒரு சமூகம் தன் காதாலும் கையாலும் கண்டறிந்த அறிவு அது. அந்த அறிவு எப்படி வேலை செய்தது என்பதையும், அந்த நினைவு ஏன் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அழியாமல் இருக்கிறது என்பதையும் பார்ப்போம்.

காதே ராடார்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முன்பே பிரிட்டனின் கரையோர ராடார் நிலையங்கள் அவற்றைக் கண்டுகொள்ளும். லண்டனில் சைரன் ஒலிக்கும். யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இருந்த ராடார் அதன் காதுகள்தான்.

மக்கள் விமானங்களுக்குத் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். ஹெலிகொப்டர் 'ஹெலி'. இத்தாலியத் தயாரிப்பான சிறிய சியாய் மார்செட்டி விமானம் 'சியாமாசெட்டி'. குண்டு போடும் எந்த விமானத்துக்கும் பொதுப்பெயர் 'பொம்மர்'. இரட்டை எஞ்சினோடு பாரமாக ஊர்ந்து வருவது 'சகடை'. வேக ஜெட் விமானம் 'சுப்பர்சொனிக்'. விமானம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இந்தப் பெயர் வாயில் வந்துவிடும். எப்படி?

ஹெலியை எடுத்துக்கொள்வோம். இலங்கை விமானப்படையிடம் இருந்த பெல் 212 வகை ஹெலிகொப்டரின் மேற்சுழலிக்கு இரண்டு அலகுகள். அது நிமிடத்துக்கு 324 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அலகுகள் காற்றை அறைவதால் நொடிக்கு ஏறத்தாழ 11 அறைகள். மனிதச் செவி நொடிக்குச் சுமார் 20 அதிர்வுகளுக்குக் குறைவானவற்றை ஒரே சுரமாகக் கேட்பதில்லை. தனித்தனி அடிகளாகவே உணர்கிறது. ஆகவேதான் ஹெலியின் ஒலி 'டப டப டப' என்று நெஞ்சில் தட்டுவதுபோல வரும். சிறிய பொம்மரின் முன்விசிறியோ நிமிடத்துக்கு ஈராயிரம் சுற்றுக்கு மேல் போகும். அதன் அலகுகள் நொடிக்குத் தொண்ணூறு, நூறு தடவை காற்றை வெட்டும்போது அடிகள் ஒன்றாகக் கலந்து ஓர் இரைச்சலான சுரமாகிவிடும்.

சகடையின் ஒலியில் இன்னொரு நுட்பம் இருந்தது. அதற்கு இரண்டு எஞ்சின்கள். இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதாகத் தோன்றினாலும் மிகச் சிறிய வேறுபாடு இருக்கும். ஒன்று நொடிக்கு 100 அதிர்வுகளும் மற்றது 101 அதிர்வுகளும் எழுப்பினால், இரண்டு அலைகளும் ஒரு கணம் சேர்ந்து பெருகும், அடுத்த கணம் ஒன்றையொன்று தின்று தணியும். கேட்பவருக்கு நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்குவதாகத் தெரியும். இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். பாரவண்டி உருளும்போது எழும் ஓசையின் ஏற்ற இறக்கத்தை அந்த விம்மலில் கேட்டவர்கள்தான் சகடை என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து வரும்போது இந்தத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டும். காற்று உயர்சுர ஒலிகளை வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்சுர ஒலிகள் பல கிலோமீட்டர் தாண்டியும் அந்த அளவுக்குத் தேய்வதில்லை. மின்சாரமும் வாகன இரைச்சலும் இல்லாத குடாநாட்டில் பின்னணிச் சத்தம் மிகக் குறைவு. பிள்ளைகளின் கேள்திறன் பெரியவர்களுடையதைவிடக் கூர்மை. ஆகவே பல வீடுகளில் முதலில் தலைநிமிர்ந்தது பிள்ளைகள்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்து, எல்லோரும் அஞ்சிய அந்தக் கணம்: "பொம்மர் பதியுது!" உயரத்தில் வட்டமிட்ட விமானம் மூக்கைத் தாழ்த்திக் கீழே பாய்வதைப் பதிதல் என்பார்கள். நிமிர்ந்து பார்க்காமலே, வீட்டுக்குள் இருந்தபடியே அதைச் சொல்ல முடிந்தது. ஒலி எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது அலைகள் நெருங்கி அமைவதால் சுரம் உயர்ந்து கேட்கும். விலகிப் போகும்போது தாழ்ந்து கேட்கும். ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய விளைவு இது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் சுரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து கேட்கும். பாயும்போது வேகம் கூடக் கூட அது இன்னும் ஏறும்.

இதில் உயிரைத் தொடும் ஒரு விவரம் உண்டு. நம் பக்கவாட்டில் கடந்துபோகும் விமானத்தின் சுரம், அது நெருங்கும்போதே மெல்லச் சரியத் தொடங்கிவிடும். நேராக நம்மை நோக்கியே வரும் விமானத்தின் சுரம் சரியாது. குழிக்குள் குனிந்திருந்த பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்தச் சரிவைத்தான். சுரம் இறங்கியதும் "அங்கால போகுது" என்று ஒரு குரல் வரும். டாப்ளர் என்ற பெயரை அறியாத அம்மம்மாவின் காது, டாப்ளர் கணக்கைச் சரியாகப் போட்டு முடித்திருந்தது.

நொடிக் கணக்கு

சத்தம் கேட்ட பிறகு பங்கருக்கு ஓட எவ்வளவு நேரம் இருந்தது? சின்னக் கணக்குதான்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஒரு பொம்மர் 5 கிலோமீட்டர் தொலைவில் வரும்போது அதன் ஒலி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒலி வீட்டை அடைய 15 நொடி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அதே தூரத்தைக் கடக்க 60 நொடி. ஆக, வீட்டாருக்குக் கிடைப்பது 45 நொடி. அடுப்பை விட்டு எழுந்து, தொட்டிலில் இருக்கும் குழந்தையைத் தூக்கி, முற்றத்தைக் கடந்து குழிக்குள் இறங்க அது போதும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலி என்றால் 75 நொடி கிடைக்கும்.

இப்போது ஜெட்டைப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 250 மீட்டர். ஐந்து கிலோமீட்டரை அது 20 நொடியில் கடந்துவிடும். ஒலி 15 நொடியில் வரும். மிச்சம் ஐந்தே நொடி. விமானம் தன் ஒலியைத் துரத்திக்கொண்டே வருகிறது. "சுப்பர்சொனிக் வந்தால் ஓட நேரமில்லை, இருந்த இடத்திலேயே குப்புறப் படு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குப் பின்னால் இருப்பது இந்த ஐந்து நொடிக் கணக்குதான். ஒரே சத்தத்துக்கு எல்லோரும் ஒரேமாதிரி ஓடவில்லை. எந்த விமானம் என்று அறிவது, எத்தனை நொடி மிச்சம் என்று அறிவதாகவே இருந்தது.

குண்டு விழுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 14 நொடியில் தரையைத் தொடும். குண்டு கழன்றதைக் கண்டவர்களுக்கு அந்தப் பதினான்கு நொடிகள் மிக நீண்டவை.

"முதல்ல நிலம் அதிரும்" என்ற கூற்றும் இங்கேதான் பொருந்துகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் அதிர்வு, சுண்ணாம்புப் பாறைக்குள் நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாயும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் குண்டு விழுந்தால், அதிர்வு ஏறத்தாழ ஒரு நொடிக்குள் பங்கரின் சுவரை எட்டிவிடும்; சத்தம் வர ஒன்பது நொடியாகும். மண்சுவரில் முதுகைச் சாய்த்திருந்த பிள்ளை அந்த இடைவெளியை உடலால் உணர்ந்தது. இடைவெளி நீண்டால் குண்டு தூரத்தில் விழுந்திருக்கிறது, குறுகினால் பக்கத்தில். நிலநடுக்கத்தின் தொலைவைக் கணிக்கும் அறிவியலாளர்களும் வெவ்வேறு வேகத்தில் வரும் இரண்டு அலைகளுக்கு இடையே உள்ள நேரத்தைத்தான் அளக்கிறார்கள்.

'ட' வடிவக் குழி

வீட்டுக்கு ஒரு பங்கர் என்பது அந்நாளில் கிணற்றைப் போலவே இன்றியமையாததாக இருந்தது. வளவுக்குள் ஒரு மரநிழலைப் பார்த்து வெட்டுவார்கள். மேல்மண் மண்வெட்டிக்கு இடம்கொடுக்கும். அதன் கீழே சுண்ணாம்புக்கல் தட்டும்போது அலவாங்கு வேண்டும். சில ஊர்களில் இரண்டடியிலேயே கல் வந்துவிடும். அங்கே குழியைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதி உயரத்துக்கு மண் நிரப்பிய உரப்பைகளைச் சுற்றி அடுக்கினார்கள். மாரியில் குடாநாட்டின் நிலத்தடி நீர் மேலே ஏறும். பல பங்கர்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தவளையும் தேளும் பாம்பும் வந்து குடியேறும். மேலே பொம்மர், கீழே பாம்பு என்ற நிலையில் எந்தப் பயம் பெரியது என்பதைப் பிள்ளைகள் அந்தந்த நேரத்தில் முடிவுசெய்தார்கள்.

நல்ல பங்கரை 'ட' வடிவத்தில் வெட்டுவார்கள். படிக்கட்டில் இறங்கி, ஒரு திருப்பம் திரும்பினால்தான் உட்காரும் இடம். இந்தத் திருப்பத்தின் அவசியம் என்ன?

குண்டு வெடிக்கும்போது இரண்டு வகையான ஆபத்து புறப்படுகிறது. ஒன்று, வெடிமருந்து நொடிப்பொழுதில் வாயுவாகி விரியும்போது எழும் அழுத்த அலை. அது தொடக்கத்தில் ஒலியைவிட வேகமாகப் பாயும். தூரம் கூடக் கூட விரைவாகத் தணியும். இரண்டாவது, சிதறும் உலோகத் துண்டுகள். குண்டின் உறை கிழிந்து நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நாலாபுறமும் பறக்கும். திறந்த வெளியில் அழுத்த அலை தணிந்துபோன தூரத்திலும் இந்தத் துண்டுகள் உயிரைக் குடிக்கும். ஆனால் அவற்றுக்கு ஒரு குறை உண்டு: அவற்றால் திரும்ப முடியாது, நேர்கோட்டில்தான் போகும். தரைமட்டத்துக்குக் கீழே இருப்பவரின் மேலாகப் பறந்துபோகும். வாசலுக்கு நேரே விழுந்து உள்ளே வரும் துண்டு, திருப்பத்தில் மண்சுவரில் குத்தி நின்றுவிடும். அழுத்த அலை திருப்பத்தில் வளைந்து வரும்; ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வலுவிழந்து வரும். முதல் உலகப் போரின் பதுங்கு அகழிகளை வளைத்து வளைத்து வெட்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

கூரைக்குப் பனங்குற்றி. பனை ஒரு புல் இனத்து உறவு. மாமரத்தையோ வேம்பையோ போல அதன் தண்டுக்குள் ஆண்டு வளையங்கள் கிடையாது. வலிய நார்க்கட்டுகள் தண்டு முழுவதும் பரவிக் கிடக்கும். அவை மையத்தில் ஐதாகவும் ஓரத்தில் மிக நெருக்கமாகவும் இருக்கும். பனையைப் பிளந்தால் நடுவே மெத்தென்ற சோற்றிப் பகுதியும் வெளிப்புறம் கருங்காலி போன்ற வைரமும் தெரிவது இதனால்தான். ஒரு குற்றியைக் கிடையாக வைத்து மேலே பாரம் ஏற்றினால் மிகுந்த இழுவிசையும் அமுக்கவிசையும் அதன் வெளிப்புற ஓரங்களில்தான் விழும். நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. பனை தன் வலிமை முழுவதையும் சரியாக அந்த ஓரத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. சீமெந்துத் தூணுக்குள் பொறியாளர்கள் கம்பிகளை ஓரமாக வைத்துக் கட்டுவதும் இந்தக் கணக்கில்தான். நீண்ட நார்கள் இருப்பதால் அதிர்ச்சி தாக்கும்போது குற்றி சட்டென்று முறிவதில்லை.

அதன்மேல் மண்ணை ஏற்றுவார்கள். 1939 முதல் பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் அமைத்த ஆண்டர்சன் பதுங்கிடத்தையும் நாலடி ஆழத்தில் புதைத்து, கூரைமேல் குறைந்தது பதினைந்து அங்குல மண் போடச் சொன்னார்கள். லண்டனில் நெளித்தகடு, யாழ்ப்பாணத்தில் பனை. காத்தது இரண்டிடத்திலும் மண்தான். வேகமாக வரும் துண்டின் ஆற்றல் ஆயிரமாயிரம் மண்துகள்களின் உராய்வில் செலவழிந்து போகிறது.

2009இல், போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரத்தில் சிக்கியிருந்த மக்களுக்குப் பனங்குற்றியும் இல்லை, இறுகிய மண்ணும் இல்லை. கடற்கரை மணலில் குழி வெட்டினால் சுவர் சரியும். தாய்மார் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணலை நிரப்பிச் சுவராக அடுக்கினார்கள். கல்யாணக் கூறைச் சேலைகூட அதில் போனது. மணலைத் துணிக்குள் அடைத்ததும் அது சரிய முடியாத சுவராகிறது. துணியின் இழுவிசை மணலைப் பிடித்து வைக்கிறது. பொறியியலில் ஒரு தனிப் பாடமாகவே இருக்கும் இந்த உத்தியை அந்தத் தாய்மார் தையல் ஊசியால் செய்துகாட்டினார்கள்.

எந்தப் பங்கரும் தன்மேல் நேராக விழும் குண்டைத் தாங்காது. பங்கர் இல்லாத இடத்தில் கூடியிருப்பவர்களுக்கு இந்த அறிவெல்லாம் உதவவும் இல்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பீற்றர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் பலர் விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று நாகர்கோவில் பாடசாலையில் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். மக்களின் அறிவைப் போற்றும்போது, அந்த அறிவால் காக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

விளக்கும் சக்கரமும்

வானம் அமைதியாக இருந்த நேரங்களில் வாழ்க்கை நடந்தது. பள்ளிகள் இயங்கின. பிள்ளைகள் சாதாரணதரத் தேர்வும் உயர்தரத் தேர்வும் எழுதினார்கள். அதற்கு வெளிச்சம் வேண்டுமே!

மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு கம்பித் துண்டைச் சுருட்டி அதில் கோத்த மெல்லிய நூல்திரி. அவ்வளவுதான். நூலின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெய் தானாக மேலேறும். திரி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவான எண்ணெய் ஏறும். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் போத்தல் சாய்ந்தாலும் கொட்டிப் பற்றாது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். சில தேக்கரண்டி எண்ணெயில் ஓர் இரவுப் படிப்பு முடிந்துவிடும். காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். எரியாத கரி அது.

இரவில் ஹெலிச் சத்தம் கேட்டால் "விளக்கை நூருங்கோ" என்று குரல் வரும். ஒரு ஜாம் போத்தல் விளக்கைப் பார்த்தா விமானி குண்டு போடுவான் என்று இன்று கேட்கத் தோன்றும். இருளுக்குப் பழகிய மனிதக் கண், ஒரு மெழுகுவர்த்திச் சுடரைச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் காணக்கூடியது. மின்விளக்கே இல்லாத நிலப்பரப்பில் சின்னச் சுடரும் தனித்துத் தெரியும். விளக்கை நூர்த்தவர்கள் செய்தது சரி.

செய்தி கேட்கப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சக்கரத்தில் டைனமோவை உரசவிட்டு, கையால் மிதியைச் சுழற்றுவார்கள். காந்தம் கம்பிச்சுருளுக்குள் சுழலும்போது மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டது, குடாநாட்டு விறாந்தைகளில் பிபிசி தமிழோசையாக ஒலித்தது. டைனமோ தருவது மாறிமாறிப் பாயும் மின்சாரம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் பாய்வது. ஆகவே இடையில் டயோடுகளைப் பொருத்த வேண்டும். தெருவுக்கு ஒரு பையனாவது அதைச் செய்யத் தெரிந்தவனாக இருந்தான். அண்ணன் மிதியைச் சுழற்ற, தம்பி அலைவரிசை பிடிக்க, அப்பா காதை வைத்துக் கேட்பார். மிதி தளர்ந்தால் செய்தியும் தளரும்.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெட்ரோல். பெட்ரோல் உறைபனிக்கும் மிகக் கீழான குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அந்தச் சில துளிகள் எஞ்சினைச் சூடாக்கிக் கொடுத்ததும் மண்ணெண்ணெய் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். புகையும் நாற்றமும் தாங்காது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பனம்பழம் வெளுத்த சட்டை

இந்த வீட்டு அறிவியலில் என்னை மிகவும் வியக்கவைப்பது பனம்பழம். சவர்க்காரம் கிடைக்காதபோது பாட்டிமார் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தார்கள். கனிந்து விழுந்த பனம்பழத்தைத் தோல் உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அந்தக் களியில் துணியைத் துவைத்தார்கள். மஞ்சள் களியில் நுரை எழும். பனம்பழ மணம் பள்ளிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மாடு சட்டையைச் சப்ப வரும் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பகடி பண்ணிக்கொள்வார்கள்.

பனங்களியில் லேசான கசப்பு உண்டு. அதற்குக் காரணமான சேர்மங்களை இலங்கை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பனையின் அறிவியல் பெயரையொட்டி அவற்றுக்கு ஃபிளாபெலிஃபெரின் என்று பெயர். அவை சபோனின் என்ற வகையைச் சேர்ந்தவை. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை எழுப்புவது இதே வகைதான். சபோனின் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். துணியில் ஒட்டிய எண்ணெய்ப்பசையை ஒரு முனை பற்றிக்கொள்ள, மறுமுனை தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகிறது. கடையில் வாங்கும் சவர்க்காரம் செய்வதும் இதே வேலைதான். நாக்கில் கசப்பாக உணர்ந்ததும் கையில் நுரையாகக் கண்டதும் ஒரே பொருள். தண்டால் பங்கரைத் தாங்கிய மரம், பழத்தால் சட்டையை வெளுத்தது.

நினைவின் வேதியியல்

இத்தனை நுணுக்கமான நினைவுகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படித் தங்கின?

திடீர்ச் சத்தம் கேட்டதும் இமை மூடத் தொடங்குவதற்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். மூளைத்தண்டே இதைச் செய்துவிடுகிறது. சத்தம் என்ன என்று சிந்திக்கும் பகுதிக்குச் செய்தி சேரும் முன்பே உடல் சுருங்கிவிடும். அடுத்து, மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி விழிக்கிறது. அதன் தூண்டுதலால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் மக்கோ பல பத்தாண்டு ஆய்வுகளில் காட்டியது, இந்த அழுத்தச் சுரப்புகள் அந்த நேரத்து அனுபவத்தை மூளை ஆழமாகப் பதிய வைக்க உதவுகின்றன என்பது. அபாயத்தை மறந்தவன் இரண்டாம் முறை தப்பமாட்டான் என்பதால் பரிணாமம் இட்ட ஏற்பாடு அது.

ஆனால் மூளை குண்டைத் தனியே பிரித்துப் பதிவுசெய்வதில்லை. அந்தக் கணத்தில் சுற்றியிருந்த மணம், ஈரம், பிடித்திருந்த கை எல்லாம் சேர்ந்து பதிகின்றன. பங்கரின் ஈரமண் வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உருவாக்குகின்றன. காற்றில் அது நம்பமுடியாத அளவுக்கு ஐதாகக் கலந்திருந்தாலும் மனித மூக்கு கண்டுகொள்ளும். முதல் மழையில் எழும் வாசனைக்கும் அதுதான் காரணம். மணத்தைக் கொண்டுவரும் நரம்புப்பாதை அமிக்டலாவுக்கு மிக நெருக்கமானது. ஆகவே மற்றவர்களுக்கு மழையை மட்டும் நினைவூட்டும் மண்வாசனை, அந்தத் தலைமுறையில் பலரைப் பனங்குற்றிக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

கற்ற அச்சத்தை மூளை முற்றாக அழிப்பதும் இல்லை. சத்தம் வந்தும் ஆபத்து வராத அனுபவங்கள் சேரச் சேர, "இப்போது பயமில்லை" என்ற புதிய பாடம் பழையதன்மேல் படிகிறது. பழையது அடியில் கிடக்கும். திருவிழா வெடிக்கோ தாழப் பறக்கும் ஹெலிகொப்டருக்கோ நடுவயதுக்காரர் ஒருவர் திடுக்கிட்டுக் குனிந்தால், அது கோழைத்தனம் அல்ல. ஒருகாலத்தில் அவரைக் காப்பாற்றிய பாடம் இன்னும் கடமையைச் செய்கிறது.

லண்டன் மீது குண்டு விழுந்த ஆண்டுகளில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்கமும் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினார்கள். 1943இல் வெளிவந்த அவர்களுடைய நூல் ஒரு முக்கியமான அவதானிப்பை முன்வைத்தது: தாயின் அருகில் இருந்த சிறு குழந்தைகள் குண்டுவீச்சைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள், குண்டு விழாத பாதுகாப்பான ஊருக்குத் தாயைப் பிரிந்து போன குழந்தைகளே ஆழமாக வாடினார்கள். தாயின் பதற்றமும் தாயின் நிதானமும் குழந்தைக்குத் தொற்றின. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனித மனத்தோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று எழுதிவந்திருக்கிறார். இரண்டு அனுபவங்களும் ஒரே உண்மையின் இரு முகங்கள். மனிதர்கள் சேர்ந்திருந்தால் பிள்ளை தாங்கும். அந்தச் சேர்க்கை சிதறினால் குண்டு விழாத இடத்திலும் காயம் ஆறாது.

இப்போது அந்தப் பங்கருக்குள் திரும்பப் பார்த்தால் அம்மம்மா செய்த வேலை விளங்கும். பேரப்பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு, "பயப்படாத ராசா, அது அங்கால போகுது" என்று சொன்னாரே, அதில் ஒரு டாப்ளர் கணிப்பு இருந்தது. ஒரு மருந்தும் இருந்தது. கணிப்பு உடலைக் காத்தது. அணைப்பு, அந்த இரவின் நினைவில் அச்சத்தோடு கூடவே பாதுகாப்பையும் பதித்தது. இன்று அந்தப் பேரப்பிள்ளை குண்டைப் பற்றிப் பேசத் தொடங்கி அம்மம்மாவின் கதையில் வந்து நிற்பது தற்செயல் அல்ல.

கேட்டுவைக்க வேண்டியவை

இந்த அறிவைச் சுமந்தவர்களில் மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். பனங்குற்றியை எத்தனை அடிக்கு ஒன்று வைத்தீர்கள், பழைய பற்றரியை வெயிலில் வைத்து எத்தனை தடவை உயிர்ப்பித்தீர்கள், சகடைக்கும் சியாமாசெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை யார் உங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், பங்கருக்குள் உங்கள் பக்கத்தில் இருந்தது யார் என்று வீட்டிலுள்ள மாமிமாரிடமும் சித்தப்பாமாரிடமும் கேட்டுப் பாருங்கள். இழப்பைப் பற்றிக் கேட்டால் மௌனமாகிவிடுபவர்கள்கூட, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பேசுவார்கள். தங்கள் வாழ்க்கையில் வெறுமனே பாதிக்கப்பட்டவர்களாக இல்லாமல், யோசித்து வழி கண்டவர்களாகவும் இருந்ததை அந்தக் கேள்வி அவர்களுக்கே நினைவூட்டும். கேட்டதைப் பதிவுசெய்து, நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களிடம் சேர்க்கலாம்.

உலகம் இன்னும் பிள்ளைகளைக் குழிகளுக்குள் ஒளியவைத்துக்கொண்டுதான் இருக்கிறது. காசாவிலும் உக்ரைனிலும் மியான்மாரிலும் இன்றைக்கும் ஒரு பிள்ளை சத்தத்தைக் கேட்டு நொடிகளை எண்ணுகிறது. அந்தப் பிள்ளையைக் காப்பவை எவை என்பதை யாழ்ப்பாணத்து வீடுகள் தெளிவாகக் கண்டறிந்து வைத்திருக்கின்றன: பொருட்களைப் பற்றிய துல்லியமான அறிவு, பக்கத்தில் பதறாத ஒரு மனிதர். முதலாவதை வெளியிலிருந்து கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவதைக் குடும்பமும் ஊரும் மட்டுமே தர முடியும். ஆகவே போரில் சிக்கிய பிள்ளைகளுக்கு உதவப் போகும் எவரும் உணவுக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது, அந்தப் பிள்ளையை அதன் மனிதர்களிடமிருந்து பிரிக்காமல் காப்பது.